லான்யாப் என்றால் கொசுறு

முதல் நாள், வெள்ளி: நியூ ஆர்லியன்ஸ்

காலை ஆறு மணிக்கு ஹூஸ்டனில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பி மதியம் இங்கே வந்து சேர்ந்தோம். அக்காதான் ஓட்டினாள். அவளுக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுப்பது என் வேலை.

காரைக்காலிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறேன். எங்கே போகலாம் என்று அக்கா கேட்டதும், யோசிக்காமல் பக்கத்து மாநிலமான லூசியானா என்றேன். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன். மேசை விரிப்பு போட்ட உணவகம் எதிலும் ஏறுவதில்லை, வண்டியில் விற்பதை வாங்கித்தான் சாப்பிடுவது. கிரியோல், கேஜன் என்ற லூசியானாவின் இரு வகைச் சாப்பாட்டுக்கும் வெளியூரில் பேர் வாங்கிக் கொடுத்தது பெரிய உணவகங்களாக இருக்கலாம். அந்தச் சமையலை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பது வீட்டு அடுப்பும் தெருவும்தான் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

மாலையில் இந்த ஊரில் உணவு வண்டி வேண்டுமென்றால் பியர் காய்ச்சும் கூடங்களின் வாசலில் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்குச் சொந்தச் சமையலறை கிடையாது. அதனால் வண்டிகள் முறை வைத்துக்கொண்டு வந்து நிற்கின்றன. நாங்கள் போன இடத்தில் நீல நிற வண்டி ஒன்று. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் கறுப்பினப் பெண்மணி ஒருவர் ஜன்னலில் குனிந்து, "என்ன வேணும், பேபி?" என்றார். இங்கே பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் பக்கம் "என்ன கண்ணு" என்பதைப் போல.

இது தவக்காலம். கத்தோலிக்க ஊர் என்பதால் வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்ப்பவர்கள் நிறைய. பலகையில் இறால், கெளுத்தி, சிப்பி மூன்றும் எழுதியிருந்தது. இறால் போபாய் கேட்டேன். "டிரெஸ்டா?" என்றார். லெட்யூஸ், தக்காளி, ஊறவைத்த வெள்ளரி, மயோனைஸ் எல்லாம் வைத்துத் தரட்டுமா என்று அர்த்தம். ஆமாம் என்றேன்.

போபாய் என்பது நீளமான ரொட்டியைப் பிளந்து உள்ளே பொரித்த இறாலை அடைத்தது. பேர் வந்த கதை 1929ஆம் ஆண்டு டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. மார்ட்டின் என்ற சகோதரர்கள் இருவர், தாங்களும் முன்பு டிராமில் வேலை பார்த்தவர்கள், பிரெஞ்சு மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் முடிகிற வரை தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுவதாக எழுதிக் கொடுத்தார்கள். யாராவது கடைக்குள் வந்தால், "இதோ இன்னொரு ஏழைப் பையன் வருகிறான்" என்பார்களாம். ஏழைப் பையன், புவர் பாய், போபாய். பசித்தவனுக்குப் போட்ட சாப்பாட்டுக்கு அவன் பேரே நிலைத்துவிட்டது.

ரொட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேல்தோல் அப்பளம் மாதிரி மெல்லிசு. விரல் பட்டதும் நொறுங்கி மடியெல்லாம் செதில் செதிலாகக் கொட்டுகிறது. உள்ளே பஞ்சு. இறாலின் மேல் மக்காச்சோள மாவுப் பூச்சு. கடித்தால் முதலில் ரொட்டி நொறுங்குகிறது, அப்புறம் இறாலின் மேல்பூச்சு, கடைசியில்தான் இறாலின் இனிப்பு தெரிகிறது. பாதி சாப்பிட்டிருப்போம், அந்த அம்மா ஜன்னலிலிருந்து கை நீட்டிக் காகிதத்தில் நாலு இறாலைக் கூடப் போட்டார். "லான்யாப்" என்றார்.

லான்யாப் என்றால் கொசுறு. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் யாப்பா என்று இருந்த சொல், ஸ்பானியர் வாயில் லா ஞாப்பா ஆகி, இங்கே பிரெஞ்சுக்காரர் வாயில் லான்யாப் ஆகியிருக்கிறது. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. "நாளைக் காலையில கம்போ வைக்கப் போறேன், பார்க்கணும்னா வா" என்று சொல்லி விலாசமும் கொடுத்தார்.

இரண்டாம் நாள், சனி

உணவு வண்டிக்காரர்கள் பெரிய சமையலை வண்டிக்குள் செய்வதில்லை. நாலைந்து பேர் வாடகைக்குப் பங்கு போட்டுக்கொள்ளும் சமையற்கூடத்தில் காலையிலேயே செய்து வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஏழரை மணிக்குப் போனோம்.

கம்போ என்ற குழம்புக்கு அடிப்படை, 'ரூ' என்னும் வறுத்த மாவு. மாவும் எண்ணெயும் சம அளவு. கனமான வார்ப்பிரும்புப் பாத்திரம், தட்டையான மரத்துடுப்பு, மிதமான தீ. அவ்வளவுதான் பொருள். மீதியெல்லாம் பொறுமை. மாவு முதலில் வெள்ளைக் கூழாக இருந்தது. பத்து நிமிடத்தில் வறுத்த ரவை வாசம் வந்தது. அப்புறம் வேர்க்கடலைத் தோல் நிறம், அப்புறம் பழைய செப்புக்காசு நிறம். அந்த அம்மா துடுப்பை நிறுத்தவே இல்லை. பாத்திரத்தின் அடியை வட்டமாக அல்ல, எட்டுப் போடுவது போல வழித்துக்கொண்டே இருந்தார். கைபேசி இரண்டு முறை அடித்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். தெறித்தால் தோலில் அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம். சமையல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பேர் கேஜன் நேபாம். நேபாம் என்பது தோலில் ஒட்டிக்கொண்டு எரியும் குண்டு மருந்து.

நாற்பது நிமிடத்தில் நிறம் சாக்லேட்டுக்கு வந்தது. வறுக்க வறுக்க மாவின் கெட்டிப்படுத்தும் குணம் குறைந்து வாசம் ஏறுகிறது. கறுத்த ரூ போட்ட கம்போ தளதளவென்று இளகி இருப்பது அதனால்தான். நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் ஒன்றாகக் கொட்டினார். சர்ரென்று ஆவி எழும்பியது. இந்த மூன்றுக்கும் புனித மும்மை என்று பேர். காயின் ஈரம்தான் மாவு மேலும் கருகாமல் பிடித்து நிறுத்துகிறது. அதற்கு அப்புறம்தான் அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு நண்டுத் தண்ணீர், இறால், புகையூட்டிய ஆண்டூயி பன்றித்தொத்திறைச்சி, கடைசியாக வெண்டைக்காய். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய் கிங்கோம்போ. அதுதான் கம்போ. குழம்புக்குப் பேரே வெண்டைக்காய் என்று தெரிந்ததும் அக்கா, "நம்ம ஆளுடி இது" என்றாள். வெண்டைக்காய் கிடைக்காத மாதங்களில் சாசஃப்ராஸ் மர இலையைக் காயவைத்து இடித்த ஃபிலே பொடியை இறக்கியபின் தூவுவார்கள். அது இந்த மண்ணின் சோக்டா பழங்குடி மக்கள் சொல்லிக் கொடுத்தது. ரூ பிரான்சிலிருந்து, காய் ஆப்பிரிக்காவிலிருந்து, பொடி சோக்டா மக்களிடமிருந்து. ஒரே குழம்பின் கதைக்குள் மூன்றும் இருக்கின்றன. கிண்ணத்தின் நடுவே ஒரு கரண்டி வெள்ளைச் சோறு.

பன்னிரண்டு மணிக்கு வண்டி ஜன்னலில் முதல் கிண்ணம் எங்களுக்கு. காசு வாங்க மாட்டேன் என்றார். அக்கா வற்புறுத்தி டப்பாவில் போட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலையில் காங்கோ சதுக்கம். பெரிய ஓக் மரங்கள், கல் பாவிய திடல், அவ்வளவுதான் பார்க்க. அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூடிப் பறையடித்து ஆடினார்கள், பண்டங்களை விற்றார்கள். ஊர்த் தெருக்களில் பெண்கள் தலையில் கூடை வைத்து கலா விற்றார்கள். மிஞ்சிய சோற்றை மசித்து, இரவு புளிக்கவைத்து, காலையில் முட்டையும் சர்க்கரையும் ஜாதிக்காயும் சேர்த்து எண்ணெயில் உருட்டிப் போடும் பணியாரம் அது. "பெல் கலா, தூ ஷோ!" என்று கூவுவார்கள். அழகான கலா, சுடச்சுட. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில், அடிமையாக இருப்பவர் தன் விலையைத் தானே கட்டி விடுதலை பெறச் சட்டத்தில் இடம் இருந்தது. பணியாரம் விற்ற காசைச் சேர்த்து அப்படித் தங்களையும் பிள்ளைகளையும் மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. உணவு வண்டி ஏதோ புதுப் பழக்கம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் இந்தத் திடலுக்குக் கூட்டி வர வேண்டும்.

காரைக்கால்காரியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1719இல் பிரான்ஸ் தன் வணிகக் கம்பெனிகளை ஒன்றாக்கியது. அந்த ஒரே கம்பெனியின் கையில்தான் பாண்டிச்சேரியும், செனகல் கரையும், 1731 வரை லூசியானாவும் இருந்தன. அதே 1719இல்தான் ஆப்பிரிக்காவிலிருந்து முதல் அடிமைக் கப்பல்கள் இங்கே வந்தன. நெல் விதையையும் நெல் பயிரிடத் தெரிந்தவர்களையும் பார்த்து ஏற்றி வரச் சொல்லிக் கப்பல்காரர்களுக்கு உத்தரவு இருந்தது. நம் கரையில் சாயமேற்றிய நீலத் துணி செனகலில் அடிமை வணிகத்தில் பணம் போலப் புழங்கியது. பள்ளியில் பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேயின் சிலையை வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவும் ஒன்றும் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் செகண்ட் லைன் ஊர்வலம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின மக்கள் தங்களுக்குள் சந்தா போட்டு, நோய்க்கும் சாவுச் செலவுக்கும் கைகொடுக்கச் சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கங்கள்தான் பித்தளை வாத்தியம் முழங்க இந்த ஊர்வலத்தை நடத்துகின்றன. சங்கத்தாரும் வாத்தியக்காரர்களும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டே போகிற ஊர் சனம் இரண்டாம் வரிசை. ஊர்வலத்தோடு சேர்ந்து நகர்கின்றன பிக்-அப் வண்டிகள். பின்பலகையைத் திறந்துபோட்டு, மேலே அடுப்பு. அதில்தான் யாகாமீன் சாப்பிட்டேன். மாட்டிறைச்சிச் சாற்றில் நூடுல்ஸ், சோயா சாஸ், அவித்த முட்டையில் பாதி, மேலே வெங்காயத்தாள், எல்லாம் ஒரு காகிதக் கோப்பையில். முந்தின இரவு குடித்தவர்களைத் தெளியவைக்கும் என்பதால் ஓல்ட் சோபர் என்று செல்லப் பேர். அக்கா மாடு சாப்பிட மாட்டாள். அவளுக்குச் சுட்ட தொத்திறைச்சி. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே மூன்று தெரு ஆடிப் போனேன். சொட்டுச் சாறு சிந்தவில்லை.

நான்காம் நாள், திங்கள்

திங்கள்கிழமை என்றால் செம்பயறு சோறு. ஊர் முழுக்க அதுதான். பயறு என்றது சிவப்பு ராஜ்மாவை. அந்தக் காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை சமைத்த பன்றித்தொடை எலும்பையும் பயறையும் அடுப்பில் ஏற்றிவிட்டால், துவைத்து முடிக்கும்வரை அது தானாக வெந்துகொண்டிருக்கும். ஹைதிப் புரட்சியால் இடம்பெயர்ந்து கியூபாவில் தங்கியிருந்தவர்கள் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் 1809, 1810இல் இங்கே வந்தார்கள். கரீபியப் பயறுச் சோற்றின் ருசியும் அவர்களோடு வந்தது.

மருத்துவமனை ஒன்றின் எதிரே நின்ற வண்டியில் வாங்கினோம். வரிசையில் பாதிப் பேர் இரவு வேலை முடித்த செவிலியர்கள். பயற்றில் கொஞ்சத்தைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்து நசுக்கிக் கலக்குகிறார்கள், அதனால் குழம்பு வெண்ணெய் மாதிரி சோற்றோடு சேர்ந்துகொள்கிறது. காரம் இல்லை. பிரியாணி இலையைப் போன்ற ஓர் இலை, தைம், புகை வாசம். மேலே இரண்டு சொட்டு மிளகாய் சாஸ் விட்டால் போதும். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களை "செம்பயறும் சோறுமாக உங்கள்" என்று முடிப்பாராம். இந்தத் தட்டைக் காலி செய்த பிறகு அந்த வரி எனக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய்: லாஃபியட்

மேற்கே திரும்பினோம். அச்சாஃபலாயா சதுப்பின் மேல் 29 கிலோமீட்டர் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கிளைகளில் தொங்கும் சாம்பல் நிறப் பாசி. பாலத்தைத் தாண்டினால் கேஜன் நாடு.

கிரியோல் வேறு, கேஜன் வேறு. கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் அகாடியா என்ற பிரெஞ்சுக் குடியேற்றம் இருந்தது. 1755இல் பிரிட்டிஷார் அங்கிருந்த குடியானவர்களைப் பிடித்துக் கப்பல்களில் ஏற்றிச் சிதறடித்தார்கள். குடும்பங்கள் ஆளுக்கொரு கரையாகப் பிரிந்தன. பத்து வருடம் அலைந்து அவர்களில் சிலர் இந்தச் சதுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அகாடியன் தேய்ந்து கேஜன் ஆனது. துறைமுக நகரத்துக் கிரியோல் அடுப்பில் தக்காளியும் வெண்ணெயும் இருந்தன. இங்கே பன்றி, கோழி, சதுப்பில் கிடைப்பது. ஜம்பாலயா என்ற இறைச்சிச் சோறு நகரத்தில் சிவப்பு, இங்கத்தியது பழுப்பு. இறைச்சியைப் பாத்திரத்தின் அடியில் பிடிக்கப் பிடிக்க வதக்கி, அந்த அடிப்பிடிப்பைச் சுரண்டிச் சோற்றில் ஏற்றுவதால் வரும் நிறம் அது.

சாலையோரம் ஒரு பழைய வண்டி. எழுபது வயதுத் தாத்தா பூடான் விற்றுக்கொண்டிருந்தார். பன்றி இறைச்சி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் எல்லாம் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்தது. கையில் பிடித்து ஒரு முனையைக் கடித்து, பல்லால் அழுத்தி உள்ளிருப்பதை இழுத்துக்கொள்ள வேண்டும். கார் மூடியின் மேல் காகிதத்தை விரித்து நின்றபடியே சாப்பிட்டோம். நான் "மெர்சி" என்றதும் தாத்தா நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஊரும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர், எங்கள் தாத்தா பிரெஞ்சில்தான் கையெழுத்துப் போடுவார் என்றேன்.

அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1921இல் மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டது. பள்ளி மைதானத்தில் பிரெஞ்சு பேசினால் அடி, முட்டி போடுதல், "பிரெஞ்சு பேசமாட்டேன்" என்று நூறு முறை எழுதும் தண்டனை. அடி வாங்கிய அவர் அப்பா தன் பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசவே இல்லை. "எனக்கு முழு வாக்கியம் வராது. அடுப்படிச் சொல் எல்லாம் வரும்" என்று வரிசையாகச் சொன்னார்: பூடான், எட்டூஃபே, ரூ, லான்யாப். சொல்லிவிட்டு அரைத் துண்டு பூடானை வெட்டி அக்கா தட்டில் வைத்தார். இதை எழுதும்போதும் அவர் வாய் அந்தச் சொற்களை உச்சரித்த விதம் காதில் இருக்கிறது.

ஆறாம் நாள், புதன்

ப்ரோ பிரிட்ஜ் பக்கம் போனோம். கிராஃபிஷ் தலைநகர் என்று 1959இல் சட்டமன்றமே பட்டம் கொடுத்த ஊர். கிராஃபிஷ் என்பது விரல் நீளச் சிங்கி இறால், நன்னீரில் வாழ்வது.

சாலையின் இரண்டு பக்கமும் நெல் வயல். அறுவடை முடித்த தாளை அப்படியே விட்டு இலையுதிர் காலத்தில் தண்ணீர் கட்டுகிறார்கள். மண்ணுக்குள் வளை போட்டிருந்த கிராஃபிஷ் குஞ்சுகளோடு வெளியே வந்து, அழுகும் தாளை அண்டி வளர்கிறது. குளிர்காலம் தொடங்கி மே வரை பிடிக்கிறார்கள். பிறகு மறுபடி நெல். வயலுக்குள் ஒரு தகரப் படகு. அதற்குச் சக்கரம் இருந்தது. சேற்றில் உருண்டு வரப்பையே ஏறிக் கடந்தது. படகுக்காரர் ஒரு கையால் கம்பிக் கூண்டைத் தூக்கிக் கொட்டி, மறு கையால் இரை போட்ட கூண்டை அதே இடத்தில் நட்டுக்கொண்டே போனார், படகை நிறுத்தாமல். வயல் நண்டு பிடித்துத் திரிந்த பிள்ளைகள்தானே நாங்கள். வரப்பில் நின்று அரைமணி நேரம் பார்த்தோம்.

வண்டியில் மூன்று பவுண்டு வாங்கினோம். உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், முழுப் பூண்டு எல்லாம் மிளகாய்த் தண்ணீரில் ஒன்றாக அவித்து, நாளிதழ் விரித்த மேசையில் கொட்டினார்கள். தலையைத் திருகி வாலைப் பிரிக்க வேண்டும், வால் நுனியைக் கிள்ளிச் சதையை இழுக்க வேண்டும். தலையை உறிஞ்சினால்தான் மரியாதை. மஞ்சளான கொழுப்பும் காரத் தண்ணீரும் அதில்தான். எனக்கு உதடு தடித்துவிட்டது. பக்கத்து மேசை அம்மா தன் தட்டிலிருந்து ரொட்டி கொடுத்தார்.

இரவு அதே வண்டியில் எட்டூஃபே. மூடிபோட்டுப் புழுங்கவைத்தது என்று பொருள். வால் சதை, வெண்ணெய், வெங்காயம், வெளிறிய ரூ, சோறு. இந்த வாரத்தின் மிகச் சிறந்த வாய் இதுதான் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

ஏழாம் நாள், வியாழன்

நாள் முழுக்க மழை. ஒரு வண்டியும் வரவில்லை. சிக்கரி கலந்த காபி போட்டுக் குடித்தோம். உள்நாட்டுப் போரில் காபிக்கொட்டை வரத்து நின்றபோது பரவிய பழக்கம், போர் முடிந்தும் இந்த மக்கள் விடவில்லை. மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால் டிகாக்ஷன் கீழே சொட்டும் பழைய ஏனத்துக்கு இங்கே கிரேக் என்று பேர். தங்கிய வீட்டு அலமாரியில் ஒன்று இருந்தது. சொட்டும் சத்தம் அம்மா வீட்டு ஃபில்டரின் சத்தமேதான்.

எட்டாம் நாள், வெள்ளி: ஹூஸ்டன்

அக்கா வீடு. வார்ப்பிரும்பு இல்லை, தோசைக்கல்லும் ஆழமில்லை. அடி கனமான குக்கரை எடுத்தோம். ஒரு கப் மைதா, ஒரு கப் எண்ணெய். முதல் முறை இருபதாவது நிமிடம் புள்ளி விழுந்தது, கொட்டினோம். இரண்டாவது முறை துடுப்பை அக்கா வாங்கிக்கொண்டாள். நான் வெங்காயம், செலரி, குடைமிளகாயை நறுக்கித் தட்டில் தயாராக வைத்தேன். வேர்க்கடலைத் தோல் நிறம் வந்தது. செப்புக்காசு வந்தது. அத்தான் எட்டிப் பார்த்து, "போதுமே, கருகிடப் போகுது" என்றார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அக்கா, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.